கூல் மொழிக்கு ஒரு கம்பைலர்: மாணவர்கள் தாங்களே எழுதிப் பார்க்க ஒரு வழிகாட்டி

கம்பைலர் டிசைன் தாளுக்குப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஃபர்ஸ்ட், ஃபாலோ கணங்களிலும் எல்ஆர் அட்டவணைகளிலும்தான், அதாவது பார்சரின் கோட்பாட்டில்தான், நேரத்தைக் கொட்டுகிறார்கள். நிஜமாக ஒரு கம்பைலர் எழுத உட்கார்ந்தால் அந்தப் பகுதி முதல் மூன்று வாரத்தில் முடிந்துபோகும். ஆப்ஜெக்ட் சார்ந்த மொழி என்றால் மீதி உழைப்பெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றி நடக்கும்: ஒரு மெத்தட்டை அழைக்கும் இடத்தில் கம்பைலருக்கு முன்கூட்டியே தெரிவது எவ்வளவு, நிரல் ஓடும்போதுதான் தெரியவருவது எவ்வளவு? டைப் சரிபார்ப்பு முதல் பாதிக்குப் பதில் சொல்கிறது. ஆப்ஜெக்ட்டின் நினைவக அமைப்பும் மெத்தட் அட்டவணையும் இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்கின்றன. எனவே இங்கே நிரலைச் சொற்களாக (டோக்கன்) வெட்டும் லெக்சரையும் அவற்றை மரமாகக் கட்டும் பார்சரையும் சீக்கிரம் கடந்துவிட்டு, இந்த இரண்டிலும் நின்று பேசுவோம்.

எந்த மொழி, எந்தக் கருவிகள்

சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் முறை வேண்டாம். உங்கள் கம்பைலர் சொல்லும் விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. கஷ்டம் வரும்போதெல்லாம் மொழியின் விதியையே மாற்றிவிடத் தோன்றும். இதற்காகவே வடிவமைக்கப்பட்ட மொழி கூல். 1990களில் பெர்க்லியில் அலெக்ஸ் எய்க்கன் வகுப்பறைக்கென்று உருவாக்கியது. பிறகு ஸ்டான்ஃபோர்டின் கம்பைலர் பாடத்திலும் அதுவே பயன்பட்டது. கையேடு சுமார் 30 பக்கம்தான். ஒற்றை இன்ஹெரிட்டன்ஸ், மெத்தட் ஓவர்ரைடு, ஸ்டாட்டிக் டைப், தானியங்கிக் குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தை மீட்பது) எல்லாம் உண்டு. அரே கிடையாது, இன்டர்ஃபேஸ் கிடையாது, எக்செப்ஷன் கிடையாது. மாணவர்களுக்கு இந்த இல்லாமைதான் பெரிய உதவி.

கம்பைலரை சி++ அல்லது ஜாவாவில் எழுதலாம். இரண்டுக்கும் தொடக்கக் கோப்புகள் உண்டு. சி++ என்றால் லெக்சருக்கு ஃப்ளெக்ஸ், பார்சருக்கு பைசன். வெளியீடு மிப்ஸ் என்ற பிராசசரின் அசெம்பிளி. அதை ஜேம்ஸ் லாரஸ் எழுதிய ஸ்பிம் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். தயாரான கோடு ஜெனரேஷன் கருவித்தொகுப்பான எல்எல்விஎம் பக்கம் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம், ஆனால் ஸ்டாக் ஃபிரேம் (ஒரு மெத்தட் அழைப்புக்கு ஸ்டாக்கில் ஒதுக்கும் இடம்) எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அது மறைத்துவிடும். இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியதே அதுதான்.

கம்பைலர் நான்கு தனி நிரல்களாக ஓடும். லெக்சர் டோக்கன்களை வெறும் உரையாக வெளியிடும். பார்சர் அதைப் படித்து மரத்தை உரையாக வெளியிடும். அடுத்து டைப் சரிபார்ப்பான் அந்த மரத்தில் டைப்களைக் குறித்துத் தரும். கடைசியில் கோடு ஜெனரேட்டர் அசெம்பிளியைத் தரும். எந்தக் கட்டத்திலும் உங்கள் நிரலை எடுத்துவிட்டுப் பாடத்தோடு வரும் மாதிரி நிரலைச் செருகிக்கொள்ளலாம். உங்கள் பார்சரில் ஒரு பிழை தீராமல் கிடந்தால்கூட, மாதிரிப் பார்சரை வைத்து டைப் சரிபார்ப்பை எழுதத் தொடங்கிவிடலாம். இந்த வசதியை முதல் நாளிலேயே ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி வையுங்கள்: ஒரு கூல் கோப்பைக் கொடுத்தால் உங்கள் வெளியீட்டையும் மாதிரியின் வெளியீட்டையும் டிஃப் போட்டுக் காட்ட வேண்டும்.

பன்னிரண்டு வாரம் கையில் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: லெக்சர் ஒரு வாரம், பார்சர் இரண்டு, டைப் சரிபார்ப்பு மூன்று, கோடு ஜெனரேஷன் நான்கு, மிச்சம் இரண்டு வாரம் சோதனைக்கு. இருவர் சேர்ந்து செய்வது நல்லது. ஆனால் ஒருவர் டைப் சரிபார்ப்பு, மற்றவர் கோடு ஜெனரேஷன் என்று கட்டத்தைப் பங்கு போடாதீர்கள். முதலாமவர் மரத்தில் எதை எங்கே குறித்தார் என்பது இரண்டாமவருக்குத் தெரியாமல் போகும். ஒரே கட்டத்துக்குள் ஒருவர் எழுத, மற்றவர் அதை உடைக்கும் சோதனைகளை எழுதுவது பலன் தரும்.

ஒரு வரி கம்பைலர் எழுதுவதற்கு முன் கூல் மொழியிலேயே பத்துச் சிறு நிரல்கள் எழுதுங்கள். லிஸ்ட், ஸ்டாக், பைனரி ட்ரீ, ஆப்ஜெக்ட்டின் கிளாஸைப் பார்த்துக் கிளை பிரியும் கேஸ் பயன்படுத்தும் நிரல் ஒன்று, ஓவர்ரைடு நிறைய உள்ளது ஒன்று. பிறகு இவையே உங்கள் சோதனைத் தொகுப்பாகும். இணையத்தில் விடைகள் ஏராளமாகக் கிடக்கின்றன. அதைப் பார்த்து லெக்சரை முடித்தவர் கோடு ஜெனரேட்டரில் மாட்டிக்கொள்வார். அங்கே ஒவ்வொருவர் அமைப்பும் வேறு, ஒட்டுப்போட முடியாது.

லெக்சர்

ஃப்ளெக்ஸ் இரண்டு விதிகளில் நடக்கிறது: அதிக எழுத்தைப் பிடிக்கும் விதிக்கே முன்னுரிமை, நீளம் சமமானால் கோப்பில் முதலில் எழுதிய விதிக்கு. அதனால் கீவேர்டு விதிகள் அடையாளப்பெயர் விதிக்கு மேலே இருக்க வேண்டும். கூலில் கீவேர்டுகளுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதமில்லை. ட்ரூ, ஃபால்ஸ் இரண்டுக்கு மட்டும் முதல் எழுத்து சிறியதாகவே இருக்க வேண்டும். டைப் பெயர்கள் பெரிய எழுத்திலும் மாறிப் பெயர்கள் சிறிய எழுத்திலும் தொடங்கும்.

சிக்கல் இரண்டே இடத்தில்தான். முதலாவது கமெண்ட். (* ... *) வகைக் கமெண்ட் ஒன்றுக்குள் ஒன்று வரலாம், ஆகவே ரெகுலர் எக்ஸ்பிரஷன் மட்டும் போதாது. தனி ஸ்டார்ட் கண்டிஷன் (குறிப்பிட்ட விதிகள் மட்டும் இயங்கும் ஃப்ளெக்ஸ் நிலை) ஒன்றை வைத்து, திறக்கும்போது எண்ணியைக் கூட்டி, மூடும்போது கழித்து, பூஜ்யம் ஆனதும் வெளியே வாருங்கள். வெளியே தனியாக வரும் *) பிழை, அதைப் பெருக்கல் குறி, அடைப்பு என்று இரண்டு டோக்கனாகப் பிரித்துவிடக் கூடாது.

இரண்டாவது ஸ்ட்ரிங். அதிகபட்சம் 1024 எழுத்து. பேக்ஸ்லாஷுக்குப் பின் என், டி, பி, எஃப் ஆகிய நான்குக்கு மட்டுமே தனிப் பொருள். வேறு எந்த எழுத்து வந்தாலும் அந்த எழுத்தேதான். பேக்ஸ்லாஷ் பூஜ்யம் என்பது ‘நல்’ (மதிப்பு பூஜ்யமான) எழுத்து இல்லை, 0 என்ற இலக்கம். பேக்ஸ்லாஷ் இல்லாமல் வரி முடிந்தால் பிழை சொல்லி அடுத்த வரியிலிருந்து தொடர வேண்டும். நிஜமான நல் எழுத்து இருந்தாலோ நீளம் மிஞ்சினாலோ மூடும் மேற்கோள்வரை கடந்துபோய்த் தொடர வேண்டும். இந்த மீட்புப் புள்ளியைத் தவறாக வைத்தால் ஒரு பிழைக்கு இருபது பிழை அச்சாகும்.

வரி எண் இன்னொரு வழக்கமான ஓட்டை. ஸ்ட்ரிங்குக்குள் பேக்ஸ்லாஷோடு வரும் புதுவரியையும் கமெண்டுக்குள் வரும் புதுவரியையும் எண்ண மறப்பார்கள். லெக்சர் சோதனையில் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஓடுநேரப் பிழைச் செய்தியில் தவறான வரி எண்ணாக முளைக்கும்.

பார்சர்

கையேட்டில் உள்ள இலக்கணத்தை அப்படியே பைசனில் எழுதினால் கணிதக் குறிகளில் மோதல் (அடுத்த டோக்கனைச் சேர்ப்பதா, அதாவது ஷிஃப்டா, விதியை முடிப்பதா என்று பைசனுக்குத் தெரியாத நிலை) குவியும். இலக்கணத்தை மாற்றி எழுத வேண்டாம், முன்னுரிமை அறிவிப்புகளால் தீர்க்கலாம். உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததுவரை வரிசை இது: புள்ளி, @, ~, இஸ்வாய்டு, பிறகு பெருக்கலும் வகுத்தலும், கூட்டலும் கழித்தலும், பிறகு <= < = மூன்றும், நாட், கடைசியில் <-. ஒப்பீட்டுக் குறிகள் மூன்றும் சங்கிலியாக வரக் கூடாது, அதாவது அ < ஆ < இ என்பது இலக்கணப் பிழை. அசைன்மென்ட் வலமிருந்து இணையும். பைசனில் கீழே எழுதிய அறிவிப்புக்குத்தான் உயர் முன்னுரிமை. கையேட்டின் பட்டியலை மேலிருந்து கீழாக நகலெடுத்தால் எல்லாம் தலைகீழாகும்.

லெட் (ஒரு எக்ஸ்பிரஷனுக்குள் மட்டும் வாழும் மாறியை அறிவிப்பது) ஒரு தனி விவகாரம். அதன் உடல் வலப்பக்கம் எவ்வளவு நீள முடியுமோ அவ்வளவு நீள வேண்டும். ‘லெட் அ : இன்ட் <- 1 இன் அ + 2’ என்பதில் + 2 லெட்டுக்குள்ளேயே சேர வேண்டும். லெட் விதிக்கு எல்லாக் குறிகளையும்விடத் தாழ்ந்த ஒரு பொய் முன்னுரிமையைக் கொடுங்கள். பிறகு பைசன் எப்போதும் ஷிஃப்ட் செய்யும். கொடுக்காவிட்டாலும் பைசன் மோதலில் ஷிஃப்டைத்தான் தேர்ந்தெடுக்கும், விடை சரியாகவே வரும். ஆனால் அந்த ‘இவ்வளவு மோதல்கள்’ எச்சரிக்கைக்குள் நிஜமான வேறொரு மோதல் ஒளிந்துகொள்ளும். மோதல் எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை விடாதீர்கள். எங்கே மோதுகிறது என்று அறிய பைசனை -வி விருப்பத்தோடு ஓட்டினால் நிலைகளின் முழுப் பட்டியல் ஒரு கோப்பில் கிடைக்கும்.

பல மாறிகள் உள்ள லெட்டை ஒன்றுக்குள் ஒன்றான தனி லெட்களாக மரத்தில் கட்டுங்கள். பட்டியல்களுக்கு இடப்பக்க ரிகர்ஷன் (விதி தன்னையே இடப்பக்கத்தில் குறிப்பிடுவது) எழுதுங்கள். வலப்பக்க ரிகர்ஷன் பட்டியல் நீளும் அளவுக்குப் பார்சர் ஸ்டாக்கையும் நீட்டும். பிழை மீட்புக்கு எரர் டோக்கனை நான்கு இடத்தில் வைத்தால் போதும்: கிளாஸ், அதன் உறுப்பு, லெட் மாறி, பிளாக்கினுள் ஒரு கூற்று. அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

டைப் சரிபார்ப்பு

இங்கிருந்து நிதானம். கூலில் ஒரு கிளாஸை அறிவிப்பதற்கு முன்பே வேறிடத்தில் பயன்படுத்தலாம். எனவே ஒரே நடையில் (மரத்தை ஒரு முறை சுற்றிவருவதில்) முடியாது, மூன்று நடை வேண்டும்.

முதல் நடையில் கிளாஸ் பெயர்களை மட்டும் திரட்டி இன்ஹெரிட்டன்ஸ் மரத்தைக் கட்டுங்கள். ஒரே பெயர் இரண்டு முறையா, பேரன்ட் கிளாஸ் உண்மையில் இருக்கிறதா, இன்ட், ஸ்ட்ரிங், பூல் இவற்றிலிருந்து யாராவது இன்ஹெரிட் செய்கிறார்களா, சுழற்சி உண்டா என்று பாருங்கள். சுழற்சிக்கு எளிய வழி: ஒவ்வொரு கிளாஸிலிருந்தும் பேரன்ட் வழியாக மேலே ஏறுங்கள், மொத்தக் கிளாஸ் எண்ணிக்கையைவிட அதிகப் படி ஏறியும் ‘ஆப்ஜெக்ட்’ கிளாஸ் வரவில்லை என்றால் சுழற்சி. இந்த நடையில் பிழை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உடைந்த மரத்தின் மேல் அடுத்த நடையை ஓட்டினால் கம்பைலரே முடிவில்லாமல் சுற்றும்.

இரண்டாம் நடையில் மெத்தட்களையும் அட்ரிப்யூட்களையும் (ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் மாறிகள்) திரட்டுங்கள். ‘ஆப்ஜெக்ட்’டிலிருந்து கீழ்நோக்கிப் போனால் பேரன்ட்டின் தகவல் எப்போதும் தயாராக இருக்கும். ஓவர்ரைடு செய்யும் மெத்தட்டில் அளபுருக்களின் (பாராமீட்டர்) எண்ணிக்கை, ஒவ்வொன்றின் டைப், திரும்பும் டைப் எல்லாம் பேரன்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஜாவா பழகியவர்கள் ஓவர்லோடிங்கை (ஒரே பெயரில் வேறு அளபுருக்களோடு பல மெத்தட்) எதிர்பார்ப்பார்கள். கூலில் அது கிடையாது. இன்ஹெரிட் ஆன அட்ரிப்யூட்டை அதே பெயரில் மீண்டும் அறிவிப்பதும் பிழை. மெயின் கிளாஸ் இருக்கிறதா, அதற்குள்ளேயே அளபுரு இல்லாத மெயின் மெத்தட் இருக்கிறதா என்பதையும் இங்கேயே பாருங்கள்.

மூன்றாவது நடைதான் எக்ஸ்பிரஷன்கள். கையேட்டின் டைப் விதிகளை ஒவ்வொன்றாக நேரே நிரலாக்கலாம்; ஒரு விதிக்கு ஒரு ஃபங்ஷன் என்று வைத்தால் பிழை தேடுவது எளிது. அடிக்கடி அழைக்கப்படும் துணை இரண்டு. ஒன்று, ‘அ’ என்ற டைப் ‘ஆ’வுக்கு அடங்குமா என்பது: அ-விலிருந்து மேலே ஏறி ஆ வருகிறதா என்று பார்ப்பது. மற்றது, இரண்டு டைப்புக்கும் பொதுவான மிக நெருங்கிய மூதாதை. ஒன்றின் மூதாதைகளையெல்லாம் ஒரு கணத்தில் போட்டு, மற்றதிலிருந்து ஏறும்போது முதலில் அந்தக் கணத்தில் இருப்பதைப் பிடியுங்கள். இஃப், கேஸ் இரண்டின் டைப்பும் இப்படித்தான் வரும். வைல் எப்போதும் ‘ஆப்ஜெக்ட்’ டைப்.

எல்லோரும் தடுமாறுவது செல்ஃப்டைப்பில். அது எதற்கு? ‘கணக்கு’ என்றொரு கிளாஸ். அதில் ‘போடு’ மெத்தட் பணத்தைச் சேர்த்துவிட்டு செல்ஃபை, அதாவது அழைக்கப்பட்ட ஆப்ஜெக்ட்டையே, திருப்புகிறது. ‘வட்டிக்கணக்கு’ அதிலிருந்து இன்ஹெரிட் ஆகிறது. ‘போடு’வின் திரும்பும் டைப்பைக் ‘கணக்கு’ என்று எழுதினால், ஒரு புது வட்டிக்கணக்கின் மேல் ‘போடு’வை அழைத்து வந்த விடையை வட்டிக்கணக்கு மாறியில் வைக்க முடியாது. ஓடும்போது கையில் இருப்பது வட்டிக்கணக்குதான். கம்பைலருக்குத்தான் அது தெரியாது. திரும்பும் டைப்பை செல்ஃப்டைப் என்று எழுதினால், எந்த டைப்பின் மேல் அழைத்தோமோ அந்த டைப்பே விடையின் டைப் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும்.

எழுத வேண்டிய விதிகள் சில வரிதான், ஆனால் ஒன்றும் தவறக் கூடாது. ‘இ’ என்ற கிளாஸுக்குள் வரும் செல்ஃப்டைப், இ எதற்கெல்லாம் அடங்குமோ அதற்கெல்லாம் அடங்கும். செல்ஃப்டைப்புக்கு அடங்குவது செல்ஃப்டைப் மட்டுமே. இ-யும் அடங்காது, ஏனென்றால் நாளை இ-யிலிருந்து ஒரு கிளாஸ் வரலாம். பொது மூதாதை கணக்கில் இரு பக்கமும் செல்ஃப்டைப் என்றால் விடை செல்ஃப்டைப். ஒரு பக்கம் மட்டும் என்றால் அதை இ என்று மாற்றிக்கொண்டு கணக்கிடுங்கள். செல்ஃப் என்ற பெயரின் டைப் செல்ஃப்டைப். இ என்று எழுதினால் சோதனைகளில் பாதி தேறி, மீதி காரணம் தெரியாமல் விழும். அளபுருவின் டைப்பாகவோ, @ குறிக்குப் பின்னோ, கேஸ் கிளையிலோ செல்ஃப்டைப் வரக் கூடாது.

மாறிகளின் எல்லை பற்றி இரண்டு நுணுக்கம். லெட் மாறியின் தொடக்க மதிப்பை, அந்த மாறியை ஸ்கோப்பில் சேர்ப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டும். அட்ரிப்யூட்டின் தொடக்க மதிப்பில் நேர்மாறு: அந்தக் கிளாஸின் எல்லா அட்ரிப்யூட்களும், பின்னால் வருபவைகூட, கண்ணுக்குத் தெரியும். = குறியில் ஒரு பக்கம் இன்ட், ஸ்ட்ரிங், பூல் என்றால் மறுபக்கமும் அதே டைப்பாக இருக்க வேண்டும்; மற்றபடி எதையும் எதோடும் ஒப்பிடலாம்.

பிழை வந்த எக்ஸ்பிரஷனுக்கு ‘ஆப்ஜெக்ட்’ டைப்பைக் கொடுத்துவிட்டு மேலே தொடர்வது வழக்கம். இதனால் ஒரு பிழை சில பிழைகளைப் பெறும்: இல்லாத மெத்தட்டை அழைத்துவிட்டு அதோடு ஒன்றைக் கூட்டினால், மெத்தட் இல்லை என்றும், கூட்டலுக்கு இன்ட் வேண்டும் என்றும் இரண்டு செய்தி. எல்லா டைப்புக்கும் அடங்கும் ஒரு போலி டைப்பை வைத்தால் செய்தி குறையும். ஆனால் மரத்துக்கு அடியில் தொங்கும் அந்த டைப் பொது மூதாதை கணக்கில் கூடுதல் கிளைகளைக் கேட்கும். மாணவர் கம்பைலருக்கு ‘ஆப்ஜெக்ட்’ போதும்.

கோடு ஜெனரேஷன்: முதலில் தாளில்

எடிட்டரைத் திறக்கும் முன், உங்கள் பத்து நிரல்களில் ஒன்றை எடுத்து அதன் கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் நினைவகப் படத்தைத் தாளில் வரையுங்கள். பூஜ்யமாவது பைட்டில் கிளாஸ் டேக் (கிளாஸின் அடையாள எண்), 4-இல் ஆப்ஜெக்ட்டின் அளவு (4 பைட் கொண்ட வேர்டு கணக்கில்), 8-இல் மெத்தட் அட்டவணையின் முகவரி, 12-இலிருந்து அட்ரிப்யூட்கள். ஆப்ஜெக்ட்டுக்கு முந்தைய வேர்டில், அதாவது -4-இல், குப்பை சேகரிப்பானுக்காக -1 என்ற மதிப்பு இருக்க வேண்டும்.

பேரன்ட்டின் அட்ரிப்யூட்கள் முதலில், தன்னுடையவை பிறகு. மெத்தட் அட்டவணையும் அப்படியே. ஓவர்ரைடு செய்த மெத்தட் மட்டும் பேரன்ட்டில் இருந்த அதே இடத்தில் அமர வேண்டும், கடைசியில் சேரக் கூடாது. ஆப்ஜெக்ட் சார்ந்த மொழியின் மொத்த ரகசியமும் இந்த ஒரு ஒழுங்கில் இருக்கிறது. அழைக்கும் இடத்தில் கம்பைலருக்கு ஆப்ஜெக்ட்டின் நிஜ கிளாஸ் தெரியாது. ஆனால் ‘போடு’ நான்காவது இடத்தில் இருக்கிறது என்பது கணக்குக்கும் அதன் வாரிசுகள் அனைத்துக்கும் பொதுவான உண்மை. அட்டவணையின் முகவரியை ஆப்ஜெக்ட்டிடமிருந்து எடு, நான்காவது இடத்துக்குத் தாவு. அவ்வளவுதான் டிஸ்பேட்ச். @ குறியோடு வரும் அழைப்பில் மட்டும் குறிப்பிட்ட கிளாஸின் அட்டவணையை நேரடியாக எடுக்க வேண்டும்.

டேக் எண்களை ‘ஆப்ஜெக்ட்’டிலிருந்து ஆழம் முதல் நடையில், பேரன்ட்டுக்கு முதலில் என்ற வரிசையில் கொடுங்கள். அப்போது ஒரு கிளாஸும் அதன் எல்லா வாரிசுகளும் தொடர்ச்சியான எண்களாக அமையும். கேஸ் கிளையைச் சோதிக்க, டேக் இந்த எல்லைக்குள் இருக்கிறதா என்ற இரண்டு ஒப்பீடு போதும். கிளைகளை டேக் இறங்குவரிசையில் சோதித்தால் மிகக் குறிப்பான கிளாஸே முதலில் பொருந்தும். கிளாஸ் பெயர் அட்டவணையும் இதே டேக் வரிசையில் இருக்க வேண்டும். இல்லையேல் டைப் பெயரைக் கேட்டால் வேறு கிளாஸின் பெயர் வரும்.

ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு புரோட்டோடைப் ஆப்ஜெக்ட்டை டேட்டா பகுதியில் எழுதுகிறீர்கள். நியூ என்றால் அதை ஓடுநேர நூலகத்தின் காப்பி மெத்தட்டால் நகலெடுத்து, அந்தக் கிளாஸின் இனிட் ரொட்டீனை அழைப்பது. புரோட்டோடைப்பில் இன்ட், ஸ்ட்ரிங், பூல் அட்ரிப்யூட்களின் இடத்தில் 0, வெற்று ஸ்ட்ரிங், ஃபால்ஸ் ஆகிய கான்ஸ்டன்ட் ஆப்ஜெக்ட்களின் முகவரி இருக்க வேண்டும். வெறும் பூஜ்யம் போட்டால் முதல் கூட்டலிலேயே ஸ்பிம் தவறான முகவரி என்று நின்றுவிடும். மற்ற டைப்களுக்குப் பூஜ்யம், அதாவது வாய்டு. இனிட் ரொட்டீன் முதலில் பேரன்ட்டின் இனிட்டை அழைத்து, பிறகு தன் அட்ரிப்யூட்களின் தொடக்க மதிப்பைக் கணித்து, கடைசியில் செல்ஃபை ஏ0 ரெஜிஸ்டரில் திருப்ப வேண்டும். கடைசிப் படியை மறந்தால் நியூவின் விடை கடைசி அட்ரிப்யூட்டின் மதிப்பாக இருக்கும். விசித்திரமான டிஸ்பேட்ச் பிழைகள் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

ஸ்ட்ரிங் கான்ஸ்டன்ட்டின் அளவு: தலைப்பு மூன்று வேர்டு, நீளத்தைச் சுட்டும் முகவரி ஒன்று, பிறகு எழுத்துகளும் ஒரு நல்லும் நான்கின் மடங்குக்கு உயர்த்தப்பட்டது. ஐந்து எழுத்து என்றால் 6 பைட், 2 வேர்டு, மொத்தம் 6 வேர்டு. முகவரியை நான்கின் மடங்குக்கு நகர்த்தும் அலைன் கட்டளையை விட்டால் அடுத்த ஆப்ஜெக்ட் ஒற்றைப்படை முகவரியில்கூட விழும்.

ஸ்டாக்கும் ஏ0-வும்

விதி ஒன்று: எந்த எக்ஸ்பிரஷனின் விடையும் ஏ0-இல் வரும், ஸ்டாக் முன்பிருந்த உயரத்துக்கே திரும்பும். செல்ஃப் எஸ்0-இல் இருக்கும். எந்த மதிப்பு எந்த ரெஜிஸ்டரில் என்று பங்கிடும் ரெஜிஸ்டர் அலொகேஷன் எதுவும் வேண்டாம். மெதுவான கோடுதான், ஆனால் சரியான கோடு.

மெத்தட்டின் தொடக்கத்தில் ஸ்டாக் பாயின்ட்டரை 12 குறைத்து, பழைய ஃபிரேம் பாயின்ட்டர், எஸ்0, ஆர்ஏ (திரும்ப வேண்டிய முகவரி) மூன்றையும் சேமித்து, ஃபிரேம் பாயின்ட்டரை ஆர்ஏ இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அழைப்பவர் அளபுருக்களை வரிசையாகத் தள்ளியிருப்பார். கடைசி அளபுரு ஃபிரேமிலிருந்து 12-இல், அதற்கு முந்தியது 16-இல். திரும்பும்போது 12-ஓடு அளபுருக்கு நான்கு வீதம் சேர்த்து அழைக்கப்பட்டவரே ஸ்டாக்கை விடுவிக்க வேண்டும்.

லெட் மாறிகளும் இடைக்கால மதிப்புகளும் ஃபிரேமிலிருந்து -4, -8 என்று இறங்கும். இதில்தான் அதிகப் பிழை. ‘3 + லெட் அ : இன்ட் <- 5 இன் அ’ என்பதில் 3 ஏற்கெனவே -4-இல் தள்ளப்பட்டிருக்கிறது, ஆகவே அ இருப்பது -8-இல். கம்பைல் செய்யும்போதே தற்போதைய ஆழம் எவ்வளவு என்று ஒரு எண்ணியைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் கூட்டி, ஒவ்வொரு பாப்புக்கும் கழியுங்கள். மெத்தட் அழைப்பு முடிந்ததும் அளபுருக்களை அழைக்கப்பட்டவர் எடுத்துவிடுகிறார், அங்கே பாப் கட்டளை எதையும் நீங்கள் எழுதுவதில்லை. ஆனால் எண்ணியில் கழிக்க வேண்டும்.

கூட்டலின் வரிசை: இடப்பக்கத்தைக் கணி, ஸ்டாக்கில் தள்ளு, வலப்பக்கத்தைக் கணி, ஏ0-இல் உள்ள இன்ட்டை நகலெடு, அதன் பிறகே இடப்பக்கத்தை டி1 என்ற தற்காலிக ரெஜிஸ்டருக்கு எடு, இரண்டின் மதிப்பையும் கூட்டி நகலின் 12-ஆவது பைட்டில் எழுது. நகலெடுக்காமல் எழுதினால் கான்ஸ்டன்ட்டே மாறிவிடும். வளையத்தின் இரண்டாம் சுற்றில் 1 என்பது 3 ஆகியிருக்கும். நகலெடுப்பதற்கு முன்பே டி1-க்கு எடுத்தால், காப்பி மெத்தட் டி ரெஜிஸ்டர்களைத் தன் வேலைக்குப் பயன்படுத்தி அழித்துவிடும்.

டிஸ்பேட்ச்சில் அளபுருக்களை முதலில் இடமிருந்து வலமாகக் கணித்துத் தள்ளி, அழைக்கப்படும் ஆப்ஜெக்ட்டைக் கடைசியில் கணிக்க வேண்டும். கூலின் விதி அப்படி. ஜாவாவில் இதற்கு மாறாக ஆப்ஜெக்ட் முதலில். அளபுருவிலேயே ஏதாவது அச்சிடும் சோதனை எழுதினால்தான் இந்தத் தவறு பிடிபடும். பிறகு ஏ0 பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் கோப்பின் பெயரை ஏ0-இலும் வரி எண்ணை டி1-இலும் வைத்து, நிரலைப் பிழையோடு நிறுத்தும் டிஸ்பேட்ச் அபார்ட் ரொட்டீனுக்குத் தாவுங்கள். வாய்டின் மேல் கேஸ் வந்தாலும், எந்தக் கிளையும் பொருந்தாவிட்டாலும் அபார்ட் உண்டு. இரண்டும் தனித்தனி ரொட்டீன்கள்.

ஜிபி, எஸ்7 ரெஜிஸ்டர்களைத் தொடாதீர்கள், அவை ஓடுநேர நூலகத்தின் நினைவக மேலாளருக்கு உரியவை.

சோதனையும் குப்பை சேகரிப்பும்

கோடு ஜெனரேட்டரை ஒரேயடியாக எழுதி ஓட்டாதீர்கள். வரிசை இப்படி இருந்தால் முதல் வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஓடும் கம்பைலர் கையில் இருக்கும்: மெயின் ஒரு எண்ணைத் திருப்பிவிட்டு முடிவது, ஒரு ஸ்ட்ரிங்கை அச்சிடுவது, கூட்டல், இஃப், வைல், லெட், அட்ரிப்யூட், இன்ஹெரிட் ஆன மெத்தட், ஓவர்ரைடு, நியூ செல்ஃப்டைப், கேஸ். முதல் படிக்கே எல்லா அட்டவணைகளும் தேவை. அதனால் முதல் வாரம் எதுவும் ஓடாது, பயப்பட வேண்டாம். அசெம்பிளியை மாதிரியோடு டிஃப் போட்டுப் பயனில்லை, வெளியீட்டை மட்டும் ஒப்பிடுங்கள்.

டைப் சரிபார்ப்புக்கு ஒரு விதிக்குக் குறைந்தது இரண்டு கோப்பு: ஏற்க வேண்டியது ஒன்று, மறுக்க வேண்டியது ஒன்று. மறுக்கும் கோப்பில் ஒரே ஒரு பிழை மட்டும் இருக்கட்டும். பத்துப் பிழை உள்ள கோப்பு எதையும் சோதிப்பதில்லை.

எல்லாம் ஓடிய பிறகு குப்பை சேகரிப்பை இயக்கும் -ஜி விருப்பத்தைச் சேருங்கள். அட்ரிப்யூட்டில் எழுதும் ஒவ்வொரு இடத்திலும், எழுதிய இடத்தின் முகவரியை ஏ1-இல் வைத்து நூலகத்தின் அசைன் ரொட்டீனை அழைக்க வேண்டும். இனிட் ரொட்டீனுக்குள் எழுதும் இடங்களும் இதில் சேரும், அவற்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதோடு -டி விருப்பத்தையும் போட்டால் சேகரிப்பு மிக அடிக்கடி நடக்கும். சாதாரணமாக ஓடும் நிரல் -டி போட்டதும் விழுந்தால், எங்கோ ஒரு ஆப்ஜெக்ட்டின் முகவரி டி ரெஜிஸ்டரில் மட்டும் இருக்கும் நேரத்தில் சேகரிப்பு நடந்திருக்கிறது, அல்லது -4-இல் இருக்க வேண்டிய -1 ஏதோ ஒரு கான்ஸ்டன்ட்டுக்கு விடுபட்டிருக்கிறது. அசெம்பிளியில் காப்பி அழைக்கப்படும் இடங்களை வரிசையாகத் தேடி, அதற்கு முன் டி ரெஜிஸ்டரில் போட்டதை அதற்குப் பின் பயன்படுத்தும் இடத்தைக் குறியுங்கள்.